சுகுணாவுக்கு ஊற்றிய டீ

கொக்குத்தாங்கலில் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கச் சர்க்கரை நோய் வந்த கதையை எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். கேட்டவரை உட்காரவைத்து, மழை பெய்ததா, பஸ் கிடைத்ததா, பிள்ளை என்ன படிக்கிறது என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள் என்று அனுப்பிவைத்துவிடுவார்கள், அவ்வளவு வெட்கம். ஆனாலும் அது நடந்தது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியில், யுவராணியின் புது வீட்டில், பால் காய்ச்சிய அன்று காலையில், ஒரு வெள்ளைக் கப்பில் இருந்த டீயில் ஆரம்பித்தது.

கப்பு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய ரோட்டில் கம்பெனிகள் வந்தபிறகு, கம்பெனிகளுக்கு ஜப்பான்காரர்கள் வந்தபிறகு, ஜப்பான்காரர்கள் குடியிருக்க லிப்ட் வைத்த மாடி வீடுகள் வந்தபிறகு, அந்த மாடி வீடுகள் ஒன்றில் சிஹாரு என்கிற அம்மா வேலைக்கு ஆள் கேட்டார். சமைக்க யுவராணி போனாள். வீடு துடைக்கவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் சுகுணா போனாள். யுவராணி காலனி, சுகுணா ஊர். இது கொக்குத்தாங்கலில் நாய்க்குக்கூடத் தெரியும், சிஹாரு அம்மாவுக்குத் தெரியாது. அவருக்கு இவர்கள் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிற, ஒரே மாதிரி கதம்பம் வைத்த, ஒன்றுமில்லாததற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிற இரண்டு பெண்கள், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் பாத்திரம் என்றாலே வெள்ளைப் பீங்கான்தான். கடையில் அடுக்கியிருக்கிற, கண்ணைக் கூசுகிற வெள்ளை இல்லை. அரிசி களைந்த முதல் தண்ணீரின் வெள்ளை. ஜன்னல் ஓரம் வைத்தால் லேசாக நீலம் தட்டும், குழம்பு ஊற்றினால் குழம்பை அழகாகக் காட்டிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். சிஹாரு அம்மாவின் ஊரில் யாரோ கையால் செய்தது என்பதால் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒரு கப்பு கொஞ்சம் சாய்ந்து நிற்கும், இன்னொன்றில் செய்தவரின் கட்டைவிரல் பதிந்த குழி இருக்கும், நம் கட்டைவிரலை வைத்தால் நமக்காகவே தோண்டியது போல உட்காரும். அடியில் மட்டும் பளபளப்பு ஏறாத ஒரு வளையம், பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். பிடி கிடையாது. நம் சில்வர் டம்ளருக்கு இருப்பது போல வெளியே மடங்கிய விளிம்பும் கிடையாது.

விளிம்பு இல்லாததுதான் முதல் நாள் சுகுணாவைக் கவிழ்த்தது. அவள் பழக்கப்படி அண்ணாந்து ஊற்றினாள், டீ நேராக வாய்க்குப் போகாமல் தாடையில் வழிந்து, கழுத்தில் இறங்கி, ஜாக்கெட்டை முழுக்க நனைத்துவிட்டது. யுவராணி அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிஹாரு அம்மா, சுட்டுவிட்டதென்று பதறி ஐஸ் கட்டியோடு ஓடிவந்தார். அன்றிலிருந்து சுகுணா வாய் வைத்துக் குடித்தாள். யுவராணி கழுவி வைத்த கப்பில் குடித்தாள், சில நாள் அவசரத்தில் யுவராணி பாதி குடித்து வைத்த கப்பிலும் குடித்தாள், "ஏய், அது என்னுதுடி" என்று அவள் கத்தினால், "உன்னுதுன்னு பேரா எழுதியிருக்கு?" என்று மீதியையும் குடித்துவிட்டு வைத்தாள். அந்த வீட்டில் அவர்கள் சுகு, யுவா. சாயங்காலம் ஆட்டோ ஏரிக்கரை வளைவில் திரும்பியதும், யாரும் சொல்லாமலே, சுகு சுகுணாக்கா ஆகிவிடுவாள். யுவராணிதான் மூத்தவள், இருந்தாலும் அக்கா.

சிஹாரு அம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனபோது, கப்புகளை யுவராணிக்கும் சோற்றுக் கிண்ணங்களைச் சுகுணாவுக்கும் கொடுத்தார். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் அன்றைக்குச் செலவழித்தார். "தினம்," என்றார். "சாமி ரூம் இல்லை. கண்ணாடி பெட்டி இல்லை. தினம், தினம்." இருவரும் சரி சரி என்று அழுதார்கள். யுவராணி அன்றே கப்புகளில் டீ குடிக்க ஆரம்பித்தாள், அவள் மகள் தர்ஷினி அந்தக் கட்டைவிரல் குழிக் கப்பில்தான் பால் குடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தது. சுகுணா கிண்ணங்களை வீட்டில் ஷோகேஸில், பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் மகனுடைய ஓட்டப்பந்தயக் கப்புக்கும் நடுவில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

பிறகு யுவராணி வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சினாள்.

ஊரிலிருந்து சில பெண்கள் போனார்கள். இப்போதெல்லாம் போகாமல் இருப்பதில்லை, அந்தக் காலம் மாதிரியா. போவார்கள், வாசலில் போட்ட நாற்காலியில் உட்காருவார்கள், சமையலறை டைல்ஸைப் பாராட்டுவார்கள், மூடி போட்ட கலர் பாட்டிலை உறிஞ்சிவிட்டு, "சாப்பாடு இப்பதாம்மா ஆச்சு" என்று கிளம்பிவிடுவார்கள். அதற்கென்றே காலனி வீடுகளில் கலர் வாங்கி வைப்பது வழக்கம். அன்றைக்குக் கலர் வண்டி வரவில்லை. சில்வர் டம்ளர்கள் எல்லாம் சாப்பிட வந்தவர்களிடம் இருந்தன. யுவராணி சந்தோஷத்தில் யோசிக்கவில்லை, இஞ்சி தட்டி டீ போட்டு, வெள்ளைக் கப்புகளில் ஊற்றி, தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"குடிங்க சுகுணாக்கா."

சுகுணா எடுத்தாள். பக்கத்தில் அவள் மாமியார் கன்னியம்மாள், அதற்குப் பக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு லோகநாயகி. குடிக்காமல் இருந்தால் யுவாவுக்கு மனசு கஷ்டம், வாய் வைத்தால் இவர்கள் பார்ப்பார்கள், அண்ணாந்து குடித்தால் யாருக்கும் எதுவும் இல்லை, யார் வீட்டிலும் அப்படித்தானே குடிக்கிறோம், சுத்தம்தானே, என்று நாங்கள் எல்லாரும் எப்போதும் போடுகிற கணக்கையே அவளும் போட்டு, கழுத்தைப் பின்னால் சாய்த்து, கப்பைத் தூக்கிச் சரித்தாள்.

டீ வரவில்லை.

இன்னும் கொஞ்சம் சரித்தாள். கப்பு முழுவதும் கவிழ்ந்தே விட்டது. டீ உள்ளேயே நின்றது, ஏரித் தண்ணீர் காற்றுக்கு அசைவது போல லேசாக அசைந்துகொண்டு, தலைகீழாக நின்றது. ஆவி மட்டும் கீழே இறங்கி வந்து அவள் மூக்கில் பட்டது. அவள் வாயைத் திறந்தபடி, கண்ணை மேலே சொருகியபடி, கூட்டில் இரை கேட்கிற குஞ்சு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி இது, அண்ணாந்துகினே கீற? மேல பல்லி இருக்குதா?" என்றார் கன்னியம்மாள்.

யுவராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் ஏரிக்கரை வளைவு அவளுக்கு மறந்துபோனது. "ஐய, சுகு, வாய் வச்சுக் குடிடி. அங்க குடிப்பியே, அப்படி."

டீ நின்றதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீ நிற்பது நிற்கட்டும் என்பது போல, எல்லாரும் சுகுணாவைப் பார்த்தார்கள்.

"அங்க எப்படிக் குடிப்ப?" என்றார் கன்னியம்மாள்.

சுகுணா கப்பை இறக்கினாள். "அங்க எனக்குத் தனிக் கப்பு அத்தை. நானே கழுவி நானே வச்சுக்குவேன்."

சொல்லிவிட்டாள். சொன்ன வாய் இன்னும் மூடவில்லை, அதற்குள் யுவராணி தலையை ஆட்டினாள், சிரிப்புக்கூட மாறாமல் ஆட்டினாள். "ஆமாமா. தனிக் கப்புதான். எனக்குத்தான் மறதி."

பொய்யை மறுத்திருந்தால் சுகுணா சண்டை போட்டிருப்பாள், சண்டை போட்டால் சரியாகிவிடும். யுவராணி அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடித்துக்கொண்டதுதான் அவள் கழுத்தில் சூடாக இறங்கியது, ஜாக்கெட் நனைந்த அந்த முதல் நாளை விடச் சூடாக. "ஆறட்டும், அப்புறம் குடிக்கிறேன்" என்று கப்பை வைத்துவிட்டு எழுந்தாள். கன்னியம்மாளும் லோகநாயகியும் தங்கள் கப்புகளைத் தூக்கிப் பார்த்து, அவையும் தராததால், அவர்களும் ஆறட்டும் என்று வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அந்த டீ ஆறவில்லை. எல்லாரும் போனபிறகு யுவராணி கப்புகளைக் கழுவ எடுத்துப்போய்த் தொட்டியில் கவிழ்த்தாள், விழவில்லை. தட்டினாள், உதறினாள், கரண்டியால் அள்ளப் பார்த்தாள், கரண்டி காலியாகவே வந்தது. அவள் புருஷன் எடுத்து வாய் வைத்துப் பார்த்தான், அவனுக்கும் வரவில்லை. யாருக்கு ஊற்றினாளோ அவர்கள் வாய் வைத்துக் குடித்தால்தான் போகும் என்பது மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஏன் என்று கேட்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஏன் என்று கேட்காவிட்டாலும் பார்க்க வந்தார்கள். டீக்கடை ஏகாம்பரம்தான் முதலில் வந்தார். பேப்பர் கப்பு வந்ததிலிருந்து அவர் நிம்மதியான மனிதர், குடித்தார்களா, கசக்கிப் போட்டார்களா, யார் குடித்தது எது என்ற பேச்சே இல்லை. "டீயைப் பத்தி எனக்குத் தெரியாததா?" என்று உட்கார்ந்து, தனக்கு ஒரு கப்பு ஊற்றச் சொல்லி, கையை ஆள் உயரத்துக்குத் தூக்கி ஆற்றப் பார்த்தார். மேல் கப்பிலிருந்து கீழ்க் கப்புக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டென்று குனிந்து வாய் வைத்து உறிஞ்சினார். "இஞ்சி கொஞ்சம் தூக்கல்" என்றார். வெளியே வந்ததும், கேட்டவர்களிடம், "வாயெல்லாம் வைக்கலப்பா, சும்மா நாக்கு நுனியால தொட்டுப் பாத்தேன்" என்றார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். யுவராணிக்கு, வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பத் தெரியாது. ஊற்றினாள். காலனி ஆட்கள் வாய் வைத்துக் குடித்தார்கள், அவர்களுக்குச் சுலபமாக வந்தது. காலனியிலும் ஒன்றிரண்டு பேர் அண்ணாந்து பார்த்து வராமல் திருதிருவென்று விழித்தார்கள். அவர்களுக்கும் தங்களுக்குக் கீழே என்று யாரோ இருக்கத்தான் செய்தார்கள். ஊர்க்காரர்கள் அண்ணாந்தார்கள், காத்திருந்தார்கள், கழுத்து வலித்தது, ஆறட்டும் என்று வைத்துவிட்டுப் போனார்கள். ஆறாத டீக் கப்புகள் புது அலமாரியின் மேல் தட்டில் வரிசையாக நின்று ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கையால் செய்த கப்புகள் ஆனதால் அடையாளமும் சுலபம். சாய்ந்த கப்பு சுகுணாவுடையது. வாய் அகன்றது கன்னியம்மாளுடையது. பக்கவாட்டில் மச்சம் மாதிரி பழுப்புப் புள்ளி வைத்தது லோகநாயகியுடையது. காலனிப் பிள்ளைகள் வந்து, "இது யாருது, இது யாருது" என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

யுவராணி ஒரு துண்டை எடுத்து வரிசையை மூடினாள். முன்பும்தான் அவள் டீயை வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள், சாக்கடையில் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் மறந்துவிடலாம். இப்போது அது கொட்ட முடியாமல், கண்ணுக்கு எதிரே, சூடாகவே நிற்கிறது. வேண்டாமென்று சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டியதற்கு அவள் வெட்கப்பட்டாள். புருஷனிடம் மட்டும் ஒருமுறை, "நான் டீ நல்லாத்தான் போடுறேன், இல்ல?" என்று கேட்டாள்.

இந்தப் பக்கம் ஊரில் வேறு கூத்து. கப்புதான் காலனிக் கப்பு, அதனால்தான் கோளாறு என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்த கன்னியம்மாள், "நம்ம வீட்டுல இருக்கிறது சரியா இருக்கும், எடுத்தாடி" என்று சுகுணாவின் கிண்ணம் ஒன்றை ஷோகேஸிலிருந்து எடுக்கவைத்து, அதில் ரசம் ஊற்றச் சொன்னார். சுகுணா ஊற்றினாள். கன்னியம்மாள் அண்ணாந்தார். வரவில்லை. மருமகள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கையால் கொடுத்த எதையும் மாமியார் வாய் வைத்துக் குடித்ததில்லை என்பது அப்போதுதான் சுகுணாவுக்கு உறைத்தது. "எனக்குப் பழக்கம்டி அது" என்றார் கன்னியம்மாள். நாங்களும் அதைத்தான் சொல்வோம். எல்லாருக்கும் அது பழக்கம்தான்.

அடுத்து இன்னொரு கிண்ணத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள், அம்மனுக்கு ஒரு பாலாபிஷேகம் செய்தால் தோஷம் கழியும் என்று. பூசாரி பாலை ஊற்றிக் கிண்ணத்தை அம்மன் தலைக்கு மேல் சரித்தார். கவிழ்த்தார். ஊர் மொத்தமும் கையைக் கூப்பிக்கொண்டு பார்க்க, பால் கிண்ணத்துக்குள்ளேயே நின்றது. பூசாரிக்கு வேர்த்துவிட்டது. அவருக்கு என்ன தோன்றியதோ, கிண்ணத்தை நிமிர்த்தி, கல் உதட்டில் கொண்டுபோய் வைத்தார். பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. கிண்ணம் காலி.

தாயே என்று கும்பிட வேண்டிய இடத்தில், எங்கள் தலையெல்லாம் ஏனோ தானாகக் குனிந்துகொண்டது. மறுநாள் அந்தக் கிண்ணம் அம்மனுக்கே சொந்தம் என்று சொல்லிக் கோயில் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டியது மரியாதைக்கு என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் சர்க்கரை நோய் வந்தது. காலனியில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும், "எனக்குச் சக்கரைம்மா, டீ காபி ஆகாது." லோகநாயகிக்குச் சர்க்கரை, கன்னியம்மாளுக்குச் சர்க்கரை, நேற்றுக் கல்யாணமான பெண்ணுக்குச் சர்க்கரை, கிரிக்கெட் மட்டையோடு போகிற பையனுக்குச் சர்க்கரை. விஷயம் காதுக்குப் போய், சுகாதார நர்ஸம்மா பயந்துபோய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, வரிசையாக விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "யாருக்கும் ஒன்னும் இல்லையே, எல்லாரும் ஏன் இப்படிச் சொல்றீங்க?" என்றார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் குத்திய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுகுணாவும் யுவராணியும் அப்போது ஒரே கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஒரே வேன். யுவராணி முன்னைப் போலவே ஜன்னல் ஓரம் இடம் பிடித்து வைத்தாள், சுகுணாவின் மகனுக்குச் சளி எப்படி என்று கேட்டாள், கேன்டீன் மேஸ்திரியின் நடையைச் செய்துகாட்டிச் சிரிக்கவைத்தாள். டீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் சுகுணாவால் தாங்க முடியவில்லை. ஏதாவது குத்திச் சொல்ல மாட்டாளா என்று காத்துக்கொண்டே போவாள், சொல்லாமலே கேன்டீன் வந்துவிடும். அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, எண்ணெய் தேய்த்தும் விடவில்லை.

ஒரு நாள் யுவராணியே ஆரம்பித்தாள். வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சுகுணாக்கா, ஒன்னு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

வேனுக்குள் அவள் சுகுவாகத்தான் இருக்க வேண்டும். அக்கா என்றதும் சுகுணா உடம்போடு அவள் பக்கம் திரும்பினாள். "சொல்லு யுவா."

"நாளைக்கு தர்ஷினிக்குப் பொறந்தநாள். அது கப்பு இருக்கில்ல, கட்டைவிரல் குழி வச்சது, அதைப் போன வாரம் தலைவருக்கு ஊத்திட்டேன். வாசல்ல வந்து நிக்கிறாரு, என்ன பண்றது, ஊத்திட்டேன். அவரு வச்சிட்டுப் போயிட்டாரு. இப்ப பால் ஊத்த ஒரு கப்புகூட இல்ல. வெள்ளைக் கப்புலதான் குடிப்பேன்னு அழுவுது. நீங்க வந்து உங்க டீயை மட்டும் குடிச்சிட்டீங்கன்னா ஒரு கப்பு காலியாகும். வேற ஒன்னும் இல்ல."

வேற ஒன்னும் இல்ல என்று அவள் சொன்னது நிஜம். பிள்ளைக்கு ஒரு கப்பு வேண்டும், அதைத்தான் கேட்டாள். சுகுணா, "வர்றேன்டி, இதுக்குப் போய்" என்று சிரித்தாள், சிரிப்பு நடுவில் எங்கேயோ அறுந்துபோனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சுகுணா வந்தாள். ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரமாகப் பார்த்து, ரோட்டு வழியாக வராமல், வற்றிக் கிடந்த ஏரிக்குள் இறங்கி, சீமைக் கருவேல மரங்களுக்கு நடுவில் குனிந்து குனிந்து, புடவையை முள்ளிலிருந்து பிடுங்கிக்கொண்டு, யுவராணி வீட்டின் பின்வாசலில் வந்து நின்றாள்.

யுவராணி துண்டை விலக்கி, சாய்ந்த கப்பை எடுத்துக் கொடுத்தாள். பால் காய்ச்சிய அன்றைய டீ. ஆடைகூடக் கட்டவில்லை. சுகுணா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். வாய் வைத்தாள். வந்தது. இஞ்சியும், கொஞ்சம் ஏலக்காயும், அந்த மாடி வீட்டின் காலைநேரமும், சிரித்த சிரிப்பும் எல்லாமாக வந்தது. ஒரே மூச்சில் குடித்தாள். கடைசிச் சொட்டு போனதும் கை தானாகப் போய் முந்தானையை எடுத்து உதட்டைத் துடைத்தது. துடைத்த பிறகுதான், எதைத் துடைக்கிறோம் என்று பார்த்தாள். யுவராணியும் பார்த்தாள்.

"நான் அன்னைக்குத் தனிக் கப்புன்னு சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தாள் சுகுணா.

"அதை எதுக்கு என்கிட்ட சொல்ற? அங்க யாரு எப்படிக் குடிச்சோம்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்டல்ல சொல்லணும்." கோபம் இல்லாமல்தான் சொன்னாள். குழாயைத் திறந்து கப்பைக் கழுவினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் கப்பிலிருந்து தண்ணீர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பாலை ஊற்றி, வாசலில் விளையாடிய மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். குழந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தது.

"கால்ல ரத்தம் வருதே," என்றாள் யுவராணி. "பின்பக்கமா வந்தா முள்ளு குத்தும். தெரியாதா?"

சுகுணா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் சுகு. இத்தனை வருஷத்துல உங்க வீட்டு டீ எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. ஒரு நாள் குடிக்க வரலாம்னு நினைச்சேன்னு வையேன், நான் எந்தப் பக்கமா வரணும்?"

அது கிண்டலா, நிஜமாகக் கேட்கிறாளா என்று சுகுணாவுக்குத் தெரியவில்லை. யுவராணி குழந்தையின் மேலுதட்டில் ஒட்டிய பாலைத் துடைத்துக்கொண்டே, பதிலுக்காகக் காத்திருந்தாள். யுவராணி இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து சுகுணா வீட்டுக் கேட் வரைக்கும் வந்திருக்கிறாள், கேட்டில் நின்று கூப்பிட்டிருக்கிறாள், கேட்டில் நின்று கல்யாணப் பத்திரிகை கொடுத்திருக்கிறாள். சுகுணா உள்ளே வா என்று சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்ததும் இல்லை. தோன்றவே இல்லை.

சுகுணா முன்வாசல் வழியாகத்தான் கிளம்பினாள். காலனித் தெருவில் நடந்து, குழாயடியில் குடம் வைத்திருந்தவர்களைத் தாண்டி, ஏரிக்கரை ரோட்டில் ஏறி, டீக்கடையைத் தாண்டி. "எங்கிருந்து வர்ற சுகுணா?" என்றார் ஏகாம்பரம். "யுவராணி வீட்டுல டீ குடிச்சிட்டு வர்றேன்" என்றாள். காது எரிந்தது. இது பெருமையாகச் சொல்கிற விஷயம் இல்லை என்றும், இதைச் சொல்லவே இவ்வளவு நாள் ஆயிற்றே என்றும் ஒரே நேரத்தில் எரிந்தது. ஏகாம்பரம் ஆற்றிக்கொண்டிருந்த டீ அவர் கை மேலேயே விழுந்தது.

வீட்டுக்கு வந்தவள் நேராக ஷோகேஸைத் திறந்து, மீதி இருந்த கிண்ணங்களில் ஒன்றை எடுத்து, தூசி போகக் கழுவி, அடுப்பில் டீக்கு வைத்தாள். கொதி வாசனைக்குக் கன்னியம்மாள் எழுந்து வந்தார்.

"சோத்துக் கிண்ணத்துல டீயா? யாருக்குடி?"

சுகுணா ஊற்றிக்கொண்டே, கிண்ணத்துக்கும் கேட்கட்டும் என்பது போல உரக்கச் சொன்னாள். "யுவராணிக்கு."

கொண்டுபோய் ஹாலில், விருந்தாளிகள் உட்காருகிற சோபாவுக்கு முன்னால், டீப்பாயின் மேல் வைத்தாள். "அத்தை, அங்க எனக்குத் தனிக் கப்பெல்லாம் இல்ல. அவ கழுவி வச்சதுலதான் குடிச்சேன். அவ குடிச்சு வச்சதுலயும் குடிச்சிருக்கேன். அன்னைக்குப் பொய் சொன்னேன்."

கன்னியம்மாள் அவளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தார். டீ விழவில்லை. உதறினார். கிண்ணத்தின் முதுகில் தட்டினார். அது யுவராணிக்கு ஊற்றிய டீ. இனி அவள் வந்து இந்த வீட்டில் வாய் வைத்துக் குடிக்கிற வரைக்கும், தீபாவளி வந்தாலும் பொங்கல் வந்தாலும், சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தாலும், சூடாக இங்கேயேதான் இருக்கும்.

சுகுணா போனைப் போட்டாள். "யுவா, உனக்கு டீ ஊத்திட்டேன்."

"ஊத்திட்டியா? ஐயோ, யாரைக் கேட்டு ஊத்துன?"

"யாரையும் கேக்கல."

"உங்க மாமியாரு?"

"இங்கதான் இருக்காங்க. கவுத்துப் பாத்துக்கினு இருக்காங்க."

யுவராணி சிரிக்க ஆரம்பித்தாள், மாடி வீட்டில் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு. சிரித்து முடித்து மூச்சு வாங்கியபடி கேட்டாள், "சக்கரை எவ்ளோ போட்ட?"

"ரெண்டு ஸ்பூன்."

"எனக்கு அரை ஸ்பூன்தான் சுகு. எப்பவுமே அரைதான்."

ஒரே மேசையில், ஒரே கப்பில், பல நாள் அவள் மீதியையே பிடுங்கிக் குடித்தவள், அவள் எவ்வளவு இனிப்புக் குடிப்பாள் என்று கவனித்ததே இல்லை. சுகுணா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை, அது சொல்லித் தீர்கிற அளவில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"பரவால்ல," என்றாள் யுவராணி. "இன்னைக்குக் குடிச்சிடுறேன். தர்ஷினியையும் கூட்டிட்டு வர்றேன். தோ, கிளம்பிட்டேன்."

சுகுணா வாசலுக்குப் போனாள். எப்போதும் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கேட்டின் இரண்டாவது தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. ஆட்டி ஆட்டி இழுத்ததில் தெருவே எழுந்துகொண்டது. நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றோம். ஏரிக்கரை ரோட்டில், பொறந்தநாள் பாவாடையில் ஒரு குழந்தையும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியும் முன்பக்கமாக நடந்து வருவது தெரிந்தது. சுகுணா தலையை நிமிர்த்தவில்லை, எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை, ஆனால் கேட்டின் இரண்டு கதவையும் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கன்னியம்மாள் இன்னும் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடியே இருந்தார். ஆவி மட்டும் கீழே இறங்கி அவர் கையில் பட்டுக்கொண்டிருந்தது.